அட்டைக்குத் தடை, சங்குக்கு வளையம்

நாளிதழ்களின் ராமநாதபுரம் பதிப்பைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு ஒரு படம் பழகிப்போயிருக்கும். சாக்குப் பைகள், பிளாஸ்டிக் கேன்கள், தார்ப்பாயில் கொட்டிய கறுத்த குவியல், பின்னால் சீருடையில் நாலைந்து பேர். ‘கடல் அட்டை பறிமுதல்’ என்று தலைப்பு. எத்தனை கிலோ, என்ன மதிப்பு, எந்தப் படகு, எத்தனை பேர் சிக்கினார்கள் என்பதெல்லாம் கீழே இருக்கும். என்ன அட்டை என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது.

கரையில் விசாரித்தால் அதுதான் முதலில் வரும். மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் முக்குளிக்கிறவர்கள் வெள்ளை அட்டை, ராஜ அட்டை, நூல் அட்டை, குச்சி அட்டை என்று இனம் பிரித்தே பேசுவார்கள். வெள்ளை அட்டைக்குத்தான் நல்ல விலை. விலங்கியலில் அதன் பெயர் ஹோலோதூரியா ஸ்காப்ரா. நூல் அட்டையைக் கையில் எடுத்தால் பின்புறத்திலிருந்து வெள்ளை வெள்ளையாக இழைகளைப் பீய்ச்சும். விரலில் ஒட்டிக்கொண்டால் லேசில் போகாது. விலங்கியலார் குவியர் குழாய்கள் என்று சொல்லும் அந்த இழைகள், தின்ன வருகிற எதிரியைச் சிக்கவைக்க அது வைத்திருக்கும் ஆயுதம். கரைக்காரர்கள் அந்தப் பாடம் முழுவதையும் ‘நூல்’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிட்டார்கள்.

சட்டத்துக்கு இந்தப் பெயர்களோடு வேலை இல்லை. 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடல் அட்டை இனங்கள் மொத்தமும் ஏற்றப்பட்டன. புலியும் யானையும் இருக்கும் பட்டியல் அது. முதுகெலும்பும் மூளையும் இல்லாத ஒரு பிராணிக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மரியாதை அதற்கு என்ன செய்தது என்பதைப் பார்க்க, அதே கடலில் அதே ஆட்கள் எடுக்கும் சங்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. சங்குக்குத் தடை கிடையாது. ஒரு வளையம் உண்டு.

முதலில் அட்டை. நட்சத்திர மீனுக்கும் கடல் முள்ளெலிக்கும் சொந்தக்காரப் பிராணி இது. மழைக்கால அட்டைக்கும் இதற்கும் பெயர் தவிர வேறு உறவில்லை, ரத்தம் குடிக்காது. மண் தின்னும். ஒரு முனையில் இருக்கும் வாயால் கடலடி மணலை அள்ளி விழுங்கி, அதில் ஒட்டியிருக்கும் பாசியையும் நுண்ணுயிரையும் மக்கையும் செரித்துக்கொண்டு, சுத்தமான மணலை மறுமுனையில் தள்ளும். மூச்சு விடுவதும் அந்த மறுமுனை வழியாகத்தான். வெள்ளை அட்டை பகலில் ஒரு பொழுது மணலுக்குள் புதைந்து கிடக்கும், பிறகு மேலே வந்து மேயும். நாளெல்லாம் இதுதான் ஜோலி.

இது எவ்வளவு பெரிய ஜோலி என்று யாரும் வெகுகாலம் கணக்குப் போடவில்லை. ஆஸ்திரேலியாவின் ஹெரன் தீவுப் பவளத்திட்டில் டிரோன் பறக்கவிட்டு அட்டைகளை எண்ணிய ஆய்வாளர்கள் 2021-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அந்த ஒரு திட்டில் சுமார் 30 லட்சம் அட்டைகள், ஆண்டுக்கு ஏறத்தாழ 64,000 டன் மணலைப் புரட்டிப்போடுகின்றன. வயலில் மண்புழு செய்யும் வேலை. 2024-ல் பசிபிக்கில் நடந்த இன்னோர் ஆய்வு ஒரு படி மேலே போனது. பவளங்களைச் சுற்றியிருந்த அட்டைகளை வேண்டுமென்றே அகற்றிவிட்டுக் காத்திருந்தார்கள். அகற்றிய இடங்களில் பவளக் கூட்டம் முழுவதுமாகச் செத்துப்போவது சுமார் 15 மடங்கு கூடியது. அழுகலைத் தின்ன ஆளில்லாதபோது நோய்க்கிருமிகள் பெருகிப் பவளத்தைப் பிடிக்கின்றன என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம்.

நம் கடலில் அட்டை போன திசை வேறு. சீனச் சமையலிலும் மருந்திலும் உலர்ந்த அட்டைக்கு நூற்றாண்டுகளாகத் தேவை உண்டு. சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1917-லேயே இந்தத் தொழிலின் வரலாற்றைத் தனி அறிக்கையாக எழுதினார். பதப்படுத்தும் முறை அதன் பிறகும் அதிகம் மாறவில்லை. அட்டையைக் கீறிக் குடலை எடுத்துவிட்டுப் பெரிய அண்டாவில் அவிப்பார்கள். அவித்ததை ஈர மணலில் குழி தோண்டி ஒரு ராத்திரி புதைத்துவைப்பார்கள். தோலின் மேலுள்ள சுண்ணாம்புப் பொடுகு அழுகி இளகும். மறுநாள் எடுத்துத் தேய்த்துக் கழுவி, மறுபடி அவித்து, வெயிலில் காயவைப்பார்கள். அரைக் கிலோ இருந்த பிராணி கடைசியில் கையில் அடங்கும் கருங்கட்டையாக, பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான எடையில் வந்து நிற்கும். மரத்துண்டு போலக் கெட்டி, கெட்டுப்போகாது, நாற்றமும் அதிகமில்லை. பையில் போட்டு எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். இந்தக் கடைசிக் குணத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வருகிற சிக்கலில் பாதி அதில் இருக்கிறது.

பிடி குறைகிறது, சின்னச் சின்ன அட்டையெல்லாம் அண்டாவுக்குப் போகிறது என்று தெரிந்ததும் ஒன்றிய அரசு 1982-ல் ஒரு விதி கொண்டுவந்தது: உலர்ந்த நிலையில் 3 அங்குலத்துக்குக் குறைவான அட்டையை ஏற்றுமதி செய்யக் கூடாது. காகிதத்தில் நியாயமான விதி. ஆனால் அளவுகோல் நிற்கும் இடத்தைப் பாருங்கள். அட்டை செத்து, குடல் எடுத்து, இரண்டு தரம் வெந்து, காய்ந்து, சுருங்கி, ஏற்றுமதிக்காரரின் கிட்டங்கிக்கு வந்த பிறகுதான் அளக்கிறார்கள். 2 அங்குலம் என்று அங்கே தெரிந்து என்ன பயன்? திருப்பிக் கடலில் விட அது உயிரோடு இல்லை. படகில் இருக்கும் முக்குளிப்பவர் கையிலுள்ள ஈர அட்டை காய்ந்தால் எத்தனை அங்குலம் வரும் என்று மனக்கணக்குப் போட வேண்டும். தண்ணீரை விட்டு எடுத்ததும் சுருங்கி விறைத்து, விட்டால் நீளும் பிராணி அது.

சங்கின் வளையம் வேறு மாதிரி.

சங்கு குளிப்பில் ஒரு எளிய கருவி தலைமுறைகளாகப் புழக்கத்தில் உண்டு. 57 மில்லிமீட்டர் விட்டமுள்ள உலோக வளையம். பழைய கணக்கில் இரண்டேகால் அங்குலம். சங்கின் பருத்த பகுதி வளையத்துக்குள் புகுந்து வெளியே வந்துவிட்டால் அது சின்னது, எடுக்கக் கூடாது. தட்டி நின்றால் எடுக்கலாம். எழுத்துத் தெரிய வேண்டாம், எண் தெரிய வேண்டாம், தராசு வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வளையம் போடும்போது சங்கு உயிரோடு இருக்கிறது. கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு சில மணிநேரம் தாக்குப்பிடிக்கும். சின்னது என்றால் திரும்பக் கடலுக்குள் போகலாம்.

பால்சங்கு, விலங்கியலில் டர்பினெல்லா பைரம், வங்காளத்து மணமான பெண்களின் கைவளைக்காக நெடுங்காலமாகத் தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் போய்க்கொண்டிருக்கிறது. 1914-ல் இதைப் பற்றியும் தனிநூல் எழுதியவர் அதே ஹார்னெல்தான். பெண் சங்கு முட்டையிடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த உருவம் மறக்காது. ஆட்டுக்கடாக் கொம்பு போல முறுக்கிக்கொண்டு, மஞ்சள் பழுப்பில், மணலில் ஒரு முனையை ஊன்றி நிற்கும் கூடு. கரையில் அதற்குச் சங்குப்பூ என்று பெயர். உள்ளே அடுக்கடுக்காக அறைகள். குஞ்சுகள் அறைக்குள்ளேயே வளர்ந்து, ஓடு கட்டி, சின்னச் சங்காகவே வெளியே ஊர்ந்து வரும். நீரோட்டத்தில் மிதந்து திரியும் குடம்பிப் பருவம் அதற்குக் கிடையாது. ஆகையால் ஒரு சங்குப் படுகையைத் துடைத்து எடுத்துவிட்டால், வேறெங்கிருந்தோ குடம்பிகள் மிதந்து வந்து நிரப்பும் என்று எதிர்பார்க்க முடியாது. தாய்ச் சங்கு அங்கேயே இருந்தாக வேண்டும். வளையம் காப்பாற்றுவது நாளைக்குத் தாயாகப்போகிற அந்தச் சின்னச் சங்கைத்தான்.

வளையத்தைக் கோவில் கட்டிக் கும்பிடத் தேவையில்லை. இழுவைமடி வளையம் பார்க்காது. பெரியது, சிறியது, சங்குப்பூ எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். ஒரு மூச்சில் போய் வந்த காலம் போய், கம்ப்ரஸர் காற்றைக் குழாயில் இழுத்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் இருக்கும் காலமும் வந்துவிட்டது. ஆனாலும் விதி இருக்கும் இடத்தில் பேச்சு இருக்கிறது. எத்தனை சங்கு வந்தது, எந்தப் படுகையில் வந்தது, இந்த வருஷம் சின்னதாக வருகிறதே ஏன் என்று கேட்க ஒரு துறையும் பதில் சொல்ல ஒரு குளியாளும் இருக்கிறார்கள்.

முத்துக்கு இந்தப் பேச்சும் மிஞ்சவில்லை. தூத்துக்குடிக்குப் பெயர் வாங்கித்தந்த முத்துக்குளிப்பை யாரும் சட்டம் போட்டு நிறுத்தவில்லை. 1961-ல் நடந்ததுதான் கடைசிப் பெரிய குளிப்பு. அதற்குப் பின் குளிக்கும்படி சிப்பிப் படுகை தேறவில்லை, அவ்வளவுதான்.

மீண்டும் அட்டைக்கு. 1988-ல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வு மையத்தில் ஒரு காரியம் நடந்தது. வெள்ளை அட்டையைத் தொட்டியில் முட்டையிட வைத்து, குஞ்சுகளை வளர்த்தெடுத்தார்கள். உலகில் அதுதான் முதல் தடவை. அட்டை ஆராய்ச்சியில் வாழ்நாளைச் செலவிட்ட டி. பி. ஜேம்ஸ் அந்தக் குழுவை நடத்தினார். செய்முறை கேட்கச் சாதாரணமாக இருக்கும். தொட்டி நீரின் சூட்டை 3 முதல் 5 டிகிரி கூட்டுகிறார்கள். சிறிது நேரத்தில் ஆண் அட்டை உடம்பின் முன்பாதியைத் தூக்கி, பாம்பு படமெடுத்த மாதிரி ஆடிக்கொண்டே, பால் கலங்கியதுபோல விந்தை விடும். அந்த வாடை பட்டதும் பெண் முட்டையைப் பீய்ச்சும். முட்டையும் விந்தும் தண்ணீரில்தான் சேர வேண்டும். கருவுற்ற முட்டையிலிருந்து வரும் கண்ணாடி போன்ற குடம்பி, காதுமடல் வடிவில் சுமார் இரண்டு வாரம் மிதந்து நுண்பாசி தின்று, உருமாறி, கடைசியில் அடியில் இறங்கி ஒட்டிக்கொள்ளும்.

தொட்டியில் கண்ட இந்தக் காட்சியில் கடலுக்கான எச்சரிக்கையும் இருந்தது. ஆணும் பெண்ணும் அருகருகே இருந்தால்தான் இது நடக்கும். நூறு மீட்டருக்கு ஓர் அட்டை என்று படுகை கலைந்துவிட்டால், அட்டைகள் இருந்தும் குஞ்சு இராது. விந்து கடலில் கரைந்து போய்விடும். எல்லாவற்றையும் பிடித்து முடிக்கும் முன்பே இனம் சரிவது இப்படித்தான். தடைக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியவற்றில் மிக வலுவான காரணம் இது. 2013-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் வெள்ளை அட்டை அருகிவரும் இனமாகச் சேர்ந்தது.

2001-ல் தடை வந்தது. வந்தபின் நடந்ததை இரண்டு பாகமாகச் சொல்லலாம்.

அதே 2001-ல் அதே சட்டத்தில் கற்பவளங்களும் முதல் அட்டவணைக்குப் போயின. அந்தத் தடை பலித்தது என்றே சொல்ல வேண்டும். அதற்கு முன் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறையை உடைத்து வள்ளம் வள்ளமாகக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாயிலும் வீட்டு அடித்தளத்திலும் போட்டுக்கொண்டிருந்தார்கள். 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் கடலுக்குள் அமிழ்ந்ததற்கு இந்தக் கல்லெடுப்பு ஒரு முக்கியக் காரணம். 2004 சுனாமிக்குப் பிறகு பவளத்திட்டு கரைக்கு அரண் என்பதை ஊர்களும் கண்ணால் கண்டன. 2005-வாக்கில் கல்லெடுப்பு அநேகமாக ஓய்ந்தது.

அட்டைக்கு அது நடக்கவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். பவளக்கல் கனம், மலிவு, ஒளிக்க முடியாது. அதற்குப் பதில் சிமெண்ட் கிடைக்கும். உலர்ந்த அட்டை லேசு, விலை அதிகம், பைக்குள் அடங்கும். அதற்குப் பதில் வேறெதுவும் கிடையாது. போதாததற்கு, கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும் இலங்கையில் உரிமம் பெற்று அட்டை பிடிக்கவும் விற்கவும் முடியும். இந்தப் பக்கத்தில் சிறைக்குரிய பண்டம் 30 கிலோமீட்டர் கடந்தால் அந்நியச் செலாவணி. 2015 முதல் 2020 வரை இரு நாட்டுக் கடலோரங்களிலும் பிடிபட்ட அட்டை கிட்டத்தட்ட 65 டன் என்று கடல்சார் குற்றங்களை ஆராய்வோர் திரட்டியிருக்கிறார்கள். பிடிபடாதது எவ்வளவு என்பதை அவரவர் ஊகத்துக்கு விட வேண்டியதுதான்.

தூத்துக்குடியில் முதலில் பிறந்த குஞ்சுப் பொரிப்பு நுட்பம் வளர்ந்து, திருந்தி, வியட்நாமிலும் மடகாஸ்கரிலும் கடலோர ஊர்களின் பிழைப்பானது. 2020-க்குப் பிறகு யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார் மாவட்டங்களின் ஆழமில்லாக் கடலில் வலையடைப்புப் பண்ணைகள் பெருகின. அதிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. கடலை வேலி போட்டு அடைத்தால் கரைவலையும் இறால் பொறுக்கும் பெண்களும் எங்கே போவது என்று 2022-ல் அந்தக் கடலோரத்துக் கிராஞ்சி மீனவர்கள் நாள்கணக்கில் போராட்டம் நடத்தினார்கள். தடையும் சரி, பண்ணையும் சரி, ஆழமில்லாக் கடலை நம்பியிருப்பவரைக் கேட்காமல் போட்ட கோடு என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

தடையின் பெரிய இழப்பு வருமானம் என்று மீனவர் சங்கங்கள் சொல்லும். உண்மைதான். ஆனால் சத்தமில்லாமல் நடந்த இன்னோர் இழப்பு உண்டு: தகவல். 2001 வரை எந்த ஊரில் எந்த அட்டை எவ்வளவு இறங்கியது என்று ஆய்வாளர் கரையில் நின்று எழுதிக்கொள்ள முடிந்தது. இப்போது அட்டையைப் பற்றி நன்றாகத் தெரிந்தவர் வாய் திறந்தால் வழக்கு. பகுதி பகுதியாகக் கடலடிக் கணக்கெடுப்புகள் நடந்திருக்கின்றன. ஆனாலும் தினமும் அந்தத் தரையைத் தொட்டுத் தடவியவரின் கண்ணுக்கு அவை ஈடாகாது.

அந்தக் கண் எப்படிப்பட்டது என்பதற்குப் பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலம் பெண்கள் சாட்சி. காலில் தட்டு கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுப்பில் சாக்குப் பையோடு கடலில் இறங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிக்கும் பெண்கள் அவர்கள். 1986-ல் தீவுகள் தேசியப் பூங்காவானது, 1989-ல் சுற்றியுள்ள 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகமானது. அவர்கள் தொழில் செய்த இடம் ஒரே நாளில் பிறத்தியார் வீடாகிவிட்டது. அதன் பிறகுதான் அவர்களாகவே கூடி வரம்பு வைத்தார்கள். அமாவாசையை ஒட்டிச் சில நாள், பௌர்ணமியை ஒட்டிச் சில நாள், மாதத்தில் சுமார் 12 நாள்தான் இறங்குவது. பாசி தளிர்க்கும் கோடையில் ஒன்றரை மாதம் கையை வைக்காமல் விடுவது. பாறையைச் சுரண்டாமல் கையால் மட்டும் பறிப்பது. 2015-ல் அவர்களுடைய தலைவிக்குத் தீவுப் பாதுகாப்புக்கான சீக்காலஜி விருது கிடைத்தது. பூங்காவுக்குள் போகும் உரிமை இன்னும் இழுபறிதான்.

பாசி என்றதும் இன்னொரு கதை குறுக்கே வருகிறது. பிலிப்பைன்ஸ் கடலைச் சேர்ந்த கப்பாஃபைகஸ் என்ற கெட்டியான பாசி 1990-களின் நடுவில் ஆய்வுக்காக மண்டபம் கடலுக்கு வந்தது. உணவுத் தொழிலுக்கு வேண்டிய கராஜினான் என்ற கூழ்ப்பொருள் இதில் கிடைக்கும். ஒரு குளிர்பான நிறுவனம் துணைநிற்க, 2000-க்குப் பிறகு பாக் விரிகுடாவில் மூங்கில் தெப்பங்களில் பயிரானது. ஏராளமான பெண்களுக்குக் கூலியும் கிடைத்தது. 2008-ல் குருசடைத் தீவில் அது தெப்பத்தை விட்டுத் தப்பிப் பவளத்தின்மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். தடித்த பாய் மாதிரி மூடி, வெளிச்சம் படாமல் பவளத்தைக் கொல்லுகிறது. வனத்துறையும் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தாரும் உள்ளூர் ஆட்களும் தீவைச் சுற்றி இறங்கிக் கையால் பிய்த்தெடுக்கத் தொடங்கினார்கள். இந்தத் துப்புரவில் அவசரம் ஆகாது. பாசி ஒடிந்து ஒரு துணுக்கு நழுவினாலும் அது போய் விழுந்த இடத்தில் புதுச் செடி. பிய்க்கும் கைக்குக் கீழே இன்னொரு கை பையை ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று இறங்கி விதைத்துவிட்டு வரவும் வாய்ப்பு உண்டு.

அந்தக் குருசடைதான் ஒரு காலத்தில் தமிழ்நாட்டு விலங்கியல் மாணவர்களின் காசி. 1927-ல் சென்னை அருங்காட்சியகம் அந்தத் தீவின் கரையோர உயிர்களைத் தனித் தொகுதியாக வெளியிட்டது. முதுகெலும்பற்றவைக்கும் முதுகெலும்பிகளுக்கும் இடையில் உறவு சொல்லும் பெலனோகிளாசஸ் என்ற புழு அங்கே மணலில் கிடைக்கும். பல கல்லூரிகள் பஸ் வைத்து மாணவர்களை அழைத்துக்கொண்டு போயின. போனவர்கள் ஃபார்மலின் பாட்டிலோடு போனார்கள். இன்றும் பழைய கல்லூரி ஆய்வகங்களின் அலமாரியில் மஞ்சளடித்த திரவத்தில் மிதக்கும் நட்சத்திர மீனும் அட்டையும் அந்தப் பயணங்களின் மிச்சம். கடல் உயிரியலை அறிமுகப்படுத்திய படிப்பு, கடலை ஒரு கடையாகவும் அறிமுகப்படுத்தியது என்று சொன்னால் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்ளலாம், ஆனாலும் பொய்யில்லை.

இப்போது பாட்டில் இல்லாமல் கற்பிக்கும் வழக்கம் தலையெடுத்திருக்கிறது. சென்னையில் யுவன் ஏவ்ஸ் தொடங்கிய பல்லுயிர் அறக்கட்டளை குழந்தைகளைக் கரைநடைக்கு அழைத்துப் போகிறது. அலையொதுக்கும் கிளிஞ்சலையும் நண்டையும் பார்க்க, பெயர் சொல்ல, குறித்துக்கொள்ள, இருந்த இடத்திலேயே விட்டுவிட. தஞ்சாவூர் மாவட்டம் வெளிவயலில் இயங்கும் ஓம்கார் நிறுவனம் பாக் விரிகுடாவின் கடற்புல் படுகைகளை ஆராய்கிறது. புல் அழிந்த இடங்களில் மூங்கில் சட்டத்தில் தேங்காய் நார்க் கயிறு கட்டி, அதில் புல்லை முடிந்து, கடலடியில் வைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் மீனவர்களுக்கும் கடற்புல்லைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2022-ல் அந்தக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பெயர் கடற்பசுவுடையது; ஆனால் வெள்ளை அட்டைக் குஞ்சு மிதந்து வந்து முதலில் ஒட்டிக்கொள்ளும் இடம் கடற்புல் இலைதான். பசுவின் பெயரைச் சொல்லி அட்டைக்கும் ஒரு தொட்டில் கிடைத்தது.

கடற்கரைத் துப்புரவு இதில் எங்கே வருகிறது? செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை கையுறை மாட்டி, பனியன் போட்டு, படம் எடுத்துக்கொண்டு கலையும் கூட்டம் என்று அதை எளிதில் ஒதுக்கிவிடலாம். சில ஊர்களில் அது அவ்வளவுதான். ஆனால் அந்த நாளின் தொடக்கம் வேறு. 1986-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸ் கரையில் 2,800 பேர் கூடி 124 டன் குப்பை அள்ளினார்கள். ஏற்பாடு செய்த லிண்டா மாரானிஸும் கேத்தி ஓஹாராவும் கையில் பையோடு ஓர் அட்டையும் கொடுத்தார்கள். இது காகித அட்டை. எடுப்பது என்ன, எத்தனை என்று ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். குப்பை போனதோடு, குப்பை எங்கிருந்து வருகிறது என்ற கணக்கும் கிடைத்தது. இன்று உலகம் முழுக்க நடக்கும் அந்த நாளின் உயிர் அந்தக் குறிப்புச் சீட்டில் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் கரைக் குப்பையைவிடக் கொடியது கண்ணுக்குத் தெரியாமல் அடியில் கிடக்கிறது. அறுந்துபோன வலை பவளத்தில் சுற்றிக்கொண்டு, அலை அசைக்கும்போதெல்லாம் கிளைகளை ஒடிக்கும். ஆள் இல்லாமலே நண்டும் மீனும் பிடித்துக்கொண்டிருக்கும். பிடித்து இழுத்தால் வலையோடு பவளமும் வரும். ஒவ்வொரு கண்ணியாகக் கத்தரித்து எடுக்க வேண்டும். ஆர்வம் மட்டும் உள்ளவரை அங்கே இறக்கக் கூடாது. முக்குளிக்கத் தெரிந்தவர் வேண்டும். தெரிந்தவர்களில் சங்கும் அட்டையும் குளித்தவர்களை விட்டால் அந்த ஊர்களில் வேறு யார் இருக்கிறார்கள்?

பொடிப் பிளாஸ்டிக் வேறு கணக்கு. 2021-ல் கொழும்புக்கு அருகே எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணையைக் கடலில் கொட்டியது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது அதே மாதிரிக் குருணை கன்னியாகுமரி மாவட்டக் கரைகளில் ஒதுங்கியது. ஜவ்வரிசி மாதிரி இருக்கும் அதை மணலிலிருந்து சல்லடை போட்டுப் பிரித்தார்கள். சல்லடைக்குத் தப்பியதைச் சலிக்க ஒரு பிராணிதான் உண்டு. 2009-ல் வெளியான ஓர் ஆய்வில் மணலோடு பிளாஸ்டிக் துணுக்குகளைக் கலந்து அட்டைகளுக்கு வைத்தார்கள். கலந்த விகிதத்தைவிட அதிகமாகவே அவை பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து விழுங்கின. உணவு என்று நினைத்திருக்கும் போலிருக்கிறது.

லட்சத்தீவில் 2020-ல் செரியபாணிப் பகுதியின் 239 சதுர கிலோமீட்டரை அட்டைகளுக்கென்றே காப்பிடமாக ஒதுக்கினார்கள். கடல் அட்டைக்கென்று உலகில் முதல் காப்பிடம் அது. மன்னார் வளைகுடாவுக்கு அப்படி ஒன்று வேண்டுமா, அளவு வைத்துப் பிடிக்க விட வேண்டுமா, பண்ணைக்கு அனுமதிக்க வேண்டுமா என்ற வாதம் 20 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. மூன்றில் எதை முடிவு செய்யவும் கடலுக்கடியில் இன்று என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அந்தத் தகவலில் ஒரு பகுதி மாதந்தோறும் வனத்துறை வாசலுக்கே வந்து சேர்கிறது. பிடிபட்ட அட்டையில் உயிர் இருந்தால் கடலில் விடுகிறார்கள். அவித்ததும் உலர்ந்ததும் நீதிமன்ற அனுமதியோடு அழிக்கப்படுகின்றன. பெரும்பாலும் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறார்கள். குழியை மூடும் முன் வேதாளையிலோ பெரியபட்டினத்திலோ குளித்துப் பழகிய ஒருவரை அழைத்து, வழக்கில்லை என்று உறுதி சொல்லி, ஒரு ஸ்கேலும் தராசும் துப்புரவு நாளில் கொடுப்பது மாதிரி ஒரு சீட்டும் கையில் கொடுக்கலாம். வெள்ளை இத்தனை, நூல் இத்தனை, குச்சி இத்தனை, நீளம் இவ்வளவு, இது எந்தப் பக்கத்துத் தரையில் கிடைத்திருக்கும். தார்ப்பாயில் கொட்டிய குவியலைப் பார்த்த மாத்திரத்தில் இவ்வளவையும் சொல்லக்கூடியவர்கள் அந்தக் கரையில் இன்னும் இருக்கிறார்கள், வயதாகிக்கொண்டிருக்கிறது.